ஒழுங்கில்லாத ஒளி லேசரைவிட இரண்டு மடங்கு வேலை செய்வது எப்படி?

முதுகலை_மாணவி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் ஒளியியல் விருப்பப்பாடம். அதில் ஒரு வரி மூன்று நாளாக என்னை விடவில்லை.

ஒரே சராசரிச் செறிவுள்ள இரண்டு ஒளிக்கற்றைகள். ஒன்று ஒழுங்கான லேசர். இன்னொன்று வெப்ப ஒளி, அதாவது விளக்கிலிருந்து வரும் குழப்பமான ஒளி. இரண்டையும் ஒரே பொருளின்மேல் விழவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை அணு உட்கவரும் நிகழ்வு வெப்ப ஒளியில் இரண்டு மடங்கு நடக்குமாம். மூன்று ஃபோட்டான் என்றால் ஆறு மடங்கு. பொதுவாக, எத்தனை ஃபோட்டானோ அந்த எண்ணின் காரணீயப் பெருக்கம் (மூன்றுக்கு 3 × 2 × 1 என்பது போல).

ஆபரேட்டர்களை வைத்துப் போட்டால் எனக்கும் அந்த 2 வருகிறது. தேர்வில் எழுதிவிடுவேன். ஆனால் அணு உண்மையில் எதை உணர்கிறது என்று மனசுக்குப் பிடிபடவில்லை. ஒழுங்கான ஒளிதானே கூர்மையானது, வலிமையானது என்று பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம்? ஒழுங்கில்லாதது எப்படி அதைவிட நன்றாக வேலை செய்யும்? யாராவது சமன்பாடு குறைவாக, ஆனால் சரியாக, சொல்லித் தர முடியுமா?

பழைய_ஆய்வகத்தார் பதில்

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரி ஒளியியல் ஆய்வகத்தில் இருந்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வந்து நிற்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சராசரி என்பது நாம் போட்டுப் பார்க்கும் கணக்கு. அணுவுக்கு அது தெரியாது. அந்தக் கணத்தில் தன்மேல் இருக்கும் மின்புலம் எவ்வளவோ, அதற்குத்தான் அது அசையும். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதரச விளக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே கோடிக்கணக்கான அணுக்கள் தனித்தனியாக உமிழ்கின்றன. ஒன்றின் கட்டத்துக்கும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) அடுத்ததன் கட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒவ்வொன்றின் புலத்தையும் ஒரு சிறு அம்புக்குறியாக வரைந்து, திசையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, ஒன்றின் நுனியில் அடுத்ததை ஒட்டிக்கொண்டே போங்கள். கடைசி நுனி எங்கே நிற்கும்? பெரும்பாலும் தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே. எப்போதாவது வெகு தூரத்தில். அந்தத் தூரத்தின் வர்க்கம்தான் செறிவு. அம்புகளின் எண்ணிக்கை அதிகமானால், செறிவின் பரவல் ஒரு சுத்தமான அடுக்குக்குறிச் சார்பாக ஆகிவிடும். அதில் மிக அதிக வாய்ப்புள்ள செறிவு எது தெரியுமா? பூஜ்யம். சுமார் 63 சதவீத நேரம் ஒளி தன் சராசரிக்குக் கீழேதான் கிடக்கிறது. சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எழுவது 13.5 சதவீத நேரம். ஐந்து மடங்குக்கு மேல் எழுவது 0.7 சதவீதத்துக்கும் குறைவு.

நல்ல ஒற்றை மோடு லேசரில், அதாவது ஒரே ஒரு அலைவு வகை மட்டும் ஓடும் லேசரில், இந்த ஆட்டம் கிடையாது. செறிவு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்.

இரு ஃபோட்டான் உட்கவர்தலின் வீதம் செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒளி இரண்டு மடங்கு எழும் கணத்தில் நான்கு மடங்கு நிகழ்வு. ஐந்து மடங்கு எழும் கணத்தில் இருபத்தைந்து மடங்கு. அடங்கிக் கிடக்கும் நேரத்தில் இழப்பதைவிட எழும் நேரத்தில் கிடைப்பது அதிகம். அடுக்குக்குறிப் பரவலில் வர்க்கத்தின் சராசரியைக் கணக்கிட்டால், சராசரியின் வர்க்கத்தைப் போல் சரியாக 2 மடங்கு வரும். உங்கள் 2 அதுதான். இன்னும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: செறிவு சராசரிக்கு மேலே இருப்பது 37 சதவீத நேரம் மட்டுமே, ஆனால் இரு ஃபோட்டான் நிகழ்வுகளில் 92 சதவீதம் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

ஒரு மாதத்தில் ஒரே அளவு மழை என்றே வைத்துக்கொள்வோம். தினமும் தூறலாகப் பெய்தால் கண்மாய் மறுகால் போகாது. அதே மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தால் போகும். மறுகால் போகுமா என்பதை மாதச் சராசரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஃபோட்டான் எண்ணிக்கை கூடக் கூட இது பயங்கரமாகிவிடும். பிரான்சில் சக்லே ஆய்வு மையத்தில் 1970களின் நடுவில் செனான் அணுவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நியோடிமியம் கண்ணாடி லேசர், அலைநீளம் 1.06 மைக்ரோமீட்டர். அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 1.17 எலக்ட்ரான் வோல்ட். செனானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 12.13 வேண்டும். ஆக 11 ஃபோட்டான்கள் சேர்ந்து தாக்கினால்தான் அயனி. லேசரை முதலில் ஒரே மோடில் ஓட்டினார்கள், பிறகு படிப்படியாக நூறு மோடுகள் வரை கூட்டினார்கள். தனித்தனிக் கட்டத்தோடு ஓடும் நூறு மோடுகளின் கூட்டுப்புலம் கிட்டத்தட்ட நமது பாதரச விளக்கின் அம்புக்குறிகள் மாதிரியேதான் ஆகிவிடும். சராசரிச் செறிவு அதே. அயனிகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 1 கோடி மடங்கு ஏறியது! எண்ணற்ற மோடுகள் இருந்தால் எட்டக்கூடிய எல்லை 11இன் காரணீயப் பெருக்கம், அதாவது 3,99,16,800.

இந்த எண்ணை முதல்முறை கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. சராசரியைப் போல் 11 மடங்குக்கு மேல் குழப்ப ஒளி எழுவது 60 ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அயனியாக்கத்தில் பாதிக்கு மேல் அந்தத் துளி நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் அணுவுக்கு ஓய்வு.

ஒற்றை ஃபோட்டான் நிகழ்வில் இந்த வேறுபாடு வராது. ஒளிமின் விளைவு, புகைப்படச் சுருள், இலையின் பச்சையம் எல்லாம் சாதாரண செறிவில் நேர்விகிதத்தில்தான் வேலை செய்கின்றன. நேர்விகிதத்துக்குச் சராசரி போதும். மொத்தம் எத்தனை எலக்ட்ரான் வந்தது என்று மட்டும் எண்ணினால், விளக்கா லேசரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அவை எந்தெந்த நேரத்தில் வந்தன என்று குறித்துக்கொண்டால் கண்டுபிடித்துவிடலாம்: குழப்ப ஒளியில் அவை கும்பல் கும்பலாக வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வழி உண்டு. மார்டின்சென், ஸ்பில்லர் என்ற இருவர் 1964இல் காட்டிய வழி. லேசர் கற்றையைச் சுழலும் தேய்த்த கண்ணாடித் தட்டின் வழியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் கல்லூரியில் வட்டமாக வெட்டிய ஜன்னல் கண்ணாடியை 400 எண் கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரில் ஒட்டினோம். ஹீலியம்-நியான் லேசர், 632.8 நானோமீட்டர். தட்டு நிற்கும்போது எதிரே வைத்த தாளில் வெளிச்சமும் இருளுமாக மணல் தூவிய மாதிரி தெரியும். கையால் மெதுவாகத் திருப்பினால் அந்த மணிகள் ஊர்ந்து போகும். மோட்டாரைப் போட்டதும் எல்லாம் கலந்து ஒரே சிவப்பாகிவிடும், ஏனென்றால் கண் சராசரி எடுத்துவிடுகிறது. ஒளி டையோடு எடுக்காது. அலைக்காட்டியில் பார்த்தால் கோடு பெரும்பாலும் அடியை ஒட்டியே ஓடும், திடீர் திடீரென்று ஊசி மாதிரி எழும். அந்த உயரங்களை எண்ணி செமி-லாக் தாளில் குறித்தபோது ஒரு மாணவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, சார், நேர்கோடு சார் என்று கத்தினார். அடுக்குக்குறிப் பரவலுக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே நான் அலையை வைத்தே பேசினேன், ஃபோட்டான் ஆபரேட்டர் எதையும் தொடவில்லை. இது சரிதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். சரிதான். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன் 1963இல் நிறுவிய தேற்றம் இதற்குத் துணை நிற்கிறது. எந்த ஒளிநிலையையும் ஓரியல் நிலைகளின் (லேசர் ஒளி போன்ற ஒழுங்கான நிலைகளின்) மேல் எடுத்த ஒரு நிறைச் சராசரியாக எழுதலாம் என்றார் அவர். பொதுவாக அந்த நிறை எதிர்மறையாகவும் போகலாம். குழப்ப ஒளிக்கு மட்டும் அது ஒரு நல்ல, எங்கும் நேர்மறையான காஸ் வளைவு. அதனால் சாதாரண நிகழ்தகவாகவே நினைத்துச் சராசரி எடுத்தாலும், குவாண்டம் கணக்கில் வரும் அதே விடை வரும். அதே ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் கிளாபரும் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார்; 2005இல் நோபல் அவருக்குக் கிடைத்தது. சுதர்சனுக்குக் கிடைக்காதது நியாயமில்லை என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

குன்னூர்_வானம் பதில்

சார் கும்பல் கும்பலாக என்று சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹான்பரி பிரவுன் எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவர். 1916, அருவங்காடு. அப்பா அங்கிருந்த கார்டைட் தொழிற்சாலையில் பணியாற்றியவர். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் ரயிலில் அருவங்காடு தாண்டும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன்.

பிரவுனும் ட்விஸ்ஸும் 1956இல் பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் கோட்டை அரைவெள்ளி பூசிய கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒளிமின் பெருக்கிகளில் விழவிட்டார்கள். இரண்டிலும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் சேர்ந்தே நடந்தது. பலர் நம்பவில்லை. ஃபோட்டான் பிளவுபடாதே, பிறகு எப்படி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் என்று கேட்டார்கள். புடாபெஸ்டிலும் கனடாவிலும் செய்த சோதனைகளில் எதுவும் தெரியவில்லை. அந்தக் கருவிகளில் இந்த விளைவு தெரிய வேண்டுமானால் ஒன்றில் 1000 ஆண்டும் இன்னொன்றில் பூமியின் வயதைவிட நீண்ட காலமும் காத்திருக்க வேண்டும் என்று பிரவுனும் ட்விஸ்ஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு இயற்பியலாளர் பர்செல் ஒரு சிறு கட்டுரையில், இது குவாண்டம் இயற்பியலுக்கு எதிரானது இல்லை, ஃபோட்டான் போன்ற போசான் வகைத் துகள்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று தெளிவாக்கினார்.

அப்புறம் அதையே வைத்து நட்சத்திரங்களை அளந்தார்கள். முதலில் ராணுவத் தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டைக் கொண்டு சிரியஸ். பிறகு ஆஸ்திரேலியாவில் நராப்ரி என்ற ஊரில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் ஓடும் 6.5 மீட்டர் பிரதிபலிப்பான்கள் இரண்டு. மொத்தம் 32 நட்சத்திரங்களின் கோண விட்டம். நட்சத்திர ஒளி குழப்பமாக இருப்பதால்தான் இந்த முறையே சாத்தியம். நட்சத்திரம் லேசராக இருந்திருந்தால் ஏற்ற இறக்கமே இருக்காது, அளப்பதற்கும் ஒன்றும் இருந்திருக்காது.

முதுகலை_மாணவி பதில்

மிக்க நன்றி சார், நன்றி குன்னூர் அண்ணா. 37 சதவீத நேரத்தில் 92 சதவீத நிகழ்வு என்பதை நானே தொகையிட்டுப் பார்த்தேன், வருகிறது!

இப்போது இரண்டு புதிய சந்தேகம். ஒன்று, ஐன்ஸ்டைனின் ஏ, பி குணகங்களில் அணுவுக்கு ஒரு மாறா வீதம் இருக்கிறது: ஒரு நொடிக்கு இத்தனை தாவல் என்று. அதே புத்தகத்தில் லேசர் அத்தியாயம் வந்ததும் அணு மேலும் கீழும் ஊஞ்சல் மாதிரி ராபி அலைவு ஆடுகிறது, வீதம் என்ற பேச்சே இல்லை. ஒரே அணு, ஒரே ஒளி, இரண்டு கதை எப்படி?

இரண்டாவது, அப்படியானால் குழப்ப ஒளி எப்போதுமே கூடுதலாகத்தான் வேலை செய்யுமா?

சந்தேகப்_பிராணி பதில்

நானும் ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு மடங்கை நிஜமான விளக்கொளியில் யாராவது பார்த்திருக்கிறார்களா? சுழலும் தட்டும் நூறு மோடு லேசரும் நாமே செய்துகொண்ட குழப்பம்தானே.

பழைய_ஆய்வகத்தார் பதில்

முதலில் ஐன்ஸ்டைன். 1916-17இல் அவர் அந்தக் குணகங்களை எழுதியபோது மனதில் வைத்திருந்தது வெப்பக் கதிர்வீச்சை. லேசர் வர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. வெப்பக் கதிர்வீச்சில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது, அதனால் புலம் தன் கட்டத்தை மிகச் சீக்கிரம் மறந்துவிடுகிறது. டங்ஸ்டன் விளக்கு என்றால் சில ஃபெம்டோ நொடி. ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியை ஒரு லட்சம் கோடியால் வகுத்து, அதை மறுபடியும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் துளி.

ருபீடியம் அணுவை அதன்முன் வையுங்கள். 780 நானோமீட்டரில் தாவும், மேல்நிலையில் 26 நானோ நொடி தங்கும். அந்த 26 நானோ நொடிக்குள் விளக்கின் புலம் பல லட்சம் முறை கட்டத்தை மாற்றிவிடுகிறது. அணு ஒரு பக்கம் ஆடத் தொடங்குவதற்குள் தள்ளும் திசை மாறிவிடும், மறுபடியும் மாறிவிடும். தொடர்ந்து ஒரே தாளத்தில் தள்ளினால் மேல்நிலையில் இருக்கும் வீச்சு நேரத்தோடு நேராக வளரும், அதன் நிகழ்தகவு நேரத்தின் வர்க்கமாக வளரும். அதுதான் ராபி அலைவின் தொடக்கம். தாளமில்லாமல் தள்ளினால் வீச்சு அம்புக்குறிக் கதை மாதிரியே தள்ளாடிக்கொண்டு போகும், நிகழ்தகவு நேரத்தோடு நேராக மட்டுமே வளரும். நேரத்தோடு நேராக வளர்வதைத்தான் வீதம் என்கிறோம். ஆக ஐன்ஸ்டைனின் பி குணகம் பொருளுள்ளதாக இருப்பதற்கே புலத்தின் குழப்பம்தான் காரணம். எனக்கு இந்தத் துறையிலேயே ஆழமான விஷயம் இதுதான் என்று தோன்றும். எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்காதது வருத்தம்.

சுழலும் தட்டு ஒளியில் இன்னொரு மாதிரி நடக்கும். அங்கே குழப்பம் மெதுவானது, அணு ஒவ்வொரு கணமும் ஒழுங்கான ஒளியைத்தான் பார்க்கிறது. ஆனால் அந்த ஒளியின் வலிமை கணத்துக்குக் கணம் வேறு, அதனால் அலைவின் வேகமும் வேறு. பல அணுக்களையோ பல கணங்களையோ சேர்த்துச் சராசரி எடுத்தால் அலைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று பாருங்கள்: புலம் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை அணு பதிலளிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு. இது தெரியாமல் குழப்ப ஒளி அணுவை என்ன செய்யும் என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது கேள்விக்கு விடை: இல்லை, எப்போதும் கூடுதல் இல்லை. தெவிட்டும் நிகழ்வுகளில் குழப்ப ஒளி குறைவாகத்தான் வேலை செய்யும். அதே ருபீடியத்தின் தெவிட்டு செறிவு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.6 மில்லிவாட். சரியாக அந்தச் செறிவில் லேசர் விழுந்தால், அணு தன்னால் முடிந்த உச்ச அளவில் 50 சதவீதம் ஒளிரும். அதே சராசரியுள்ள தட்டு ஒளி விழுந்தால் 40 சதவீதம்தான். ஒளி உச்சத்துக்கு எழும் கணங்களில் அணு ஏற்கெனவே தெவிட்டிப் போயிருக்கிறது, கூடுதல் ஒளியை வாங்கிக்கொள்ள இடமில்லை. ஒளி அடங்கிக் கிடக்கும் நீண்ட நேரத்திலோ வாங்க ஒன்றும் இல்லை. வளைவு மேல்நோக்கி வளைந்தால் குழப்பத்தால் லாபம், கீழ்நோக்கி வளைந்தால் நட்டம், நேர்கோடாக இருந்தால் இரண்டும் இல்லை. 40 எப்படி வந்தது என்று நீங்களே தொகையிட்டுப் பாருங்கள், அடுக்குக்குறித் தொகைச் சார்பு ஒன்று வரும், துல்லியமாக 0.4037.

இனி சந்தேகப்_பிராணி கேட்டது. நியாயமான கேள்வி. நிஜ வெப்ப ஒளியில் இதைப் பார்ப்பது ஏன் கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5800 கெல்வின். அந்த வெப்பத்தில், 500 நானோமீட்டரில், ஒரு மோடில் இருக்கும் சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை 0.007. ஒன்றுகூட இல்லை! சாதாரண ஆய்வக ஹீலியம்-நியான் லேசரில் ஒரு மில்லிவாட்டுக்கே அது பல கோடிகளில் போகும். 1909இல் ஐன்ஸ்டைன் கண்ட ஏற்ற இறக்கச் சூத்திரத்தில் இரண்டு உறுப்புகள் உண்டு: ஒன்று சராசரி எண்ணிக்கை, மற்றது அதன் வர்க்கம். முதலாவது துகளின் பங்கு, இரண்டாவது அலையின் பங்கு. 0.007இன் வர்க்கம் என்ன என்று பார்த்தால் கும்பல் விளைவு ஏன் இவ்வளவு அரிது என்று புரியும். சாதாரண அறை வெப்பத்திலேயே 1 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு அந்த எண் 6000க்கும் மேல், அங்கே எல்லாமே அலைதான்.

மரியா கோப்பர்ட்-மாயர் இரு ஃபோட்டான் உட்கவர்தலை 1931இலேயே கணக்கில் கண்டார். ஆய்வகத்தில் அது தெரிந்ததோ லேசர் பிறந்த மறு ஆண்டு, 1961இல். ஆகவே விளக்கொளியில் இரண்டு மடங்கைப் பார்க்க, மிகப் பிரகாசமான, ஆனால் லேசர் ஆகாத ஒளி வேண்டும். பெருக்கப்பட்ட தன்னிச்சை உமிழ்வு அப்படிப்பட்டது. 2009இல் பிரான்சில் ஒரு குழு, காலியம் ஆர்சனைடு ஒளிமின் குழாயில் இரு ஃபோட்டான் உட்கவர்தலையே கடிகாரமாக வைத்து, ஃபோட்டான்கள் கும்பலாக வருவதை ஃபெம்டோ நொடி அளவில் பார்த்தது. 2013இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் சாயங்களை இந்த வகை ஒளியால் ஒளிரச் செய்து, அதே செறிவுள்ள லேசரைவிட இரண்டு மடங்கை எட்டினார்கள். இது யாரும் வலிந்து செய்த குழப்பம் அல்ல, தன்னிச்சை உமிழ்வில் தானே பிறந்தது.

ஹாம்பர்க்_தமிழன் பதில்

இங்கே ஆய்வு மாணவனாக இருக்கிறேன். இந்த விஷயம் எங்களுக்குத் தினசரி தலைவலி, அதனால் ஒரு சிறு சேர்க்கை.

கட்டற்ற எலக்ட்ரான் லேசர்கள், அதாவது ஸ்டான்ஃபோர்டில் 2009இல் ஒளிர்ந்த எல்.சி.எல்.எஸ்., இங்கே 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.இ.எல். போன்றவை, பெயரில்தான் லேசர். எலக்ட்ரான் கொத்தில் இயல்பாக இருக்கும் இரைச்சலிலிருந்து தொடங்கி அதையே பெருக்கிக்கொண்டு போவதால், ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துடிப்பும் ஊசி ஊசியாக, முந்தையதைப் போல் இல்லாமல் வருகிறது. இடத்தைப் பொறுத்தவரை கற்றை ஒழுங்கானது, நேரத்தைப் பொறுத்தவரை குழப்பமானது. பல ஃபோட்டான் சோதனை செய்யும்போது, துடிப்பின் மொத்த ஆற்றலை மட்டும் அளந்து கோட்பாட்டோடு ஒப்பிட்டால் விடை பொருந்தாது. காரணீயப் பெருக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அல்லது துடிப்பு துடிப்பாகப் பிரித்து எடுக்க வேண்டும். இத்தாலியில் திரியெஸ்தேயில் உள்ள ஃபெர்மி என்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர் வேறு மாதிரி: வெளியிலிருந்து ஒரு லேசரை விதையாகப் போடுகிறார்கள், அதனால் ஒளி மிகவும் ஒழுங்காக வரும். எல்லாச் சோதனைக்கும் ஒழுங்கான ஒளிதான் நல்லது என்று சொல்ல மாட்டேன். அதிக ஃபோட்டான் தேவைப்படும் அரிய நிகழ்வைப் பிடிக்க, ஊசி ஊசியான துடிப்பே பல நேரம் கைகொடுக்கிறது.

முதுகலை_மாணவி பதில்

சார், 0.4037 வந்துவிட்டது. எங்கள் துறையில் ஒரு பழைய ஹீலியம்-நியான் லேசர் இருக்கிறது. தட்டு நானே தேய்த்துக்கொள்கிறேன். மோட்டார் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், டையோடை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_ஆய்வகத்தார் பதில்

லென்ஸ் வைத்துத் தட்டின்மேல் ஒளிப்புள்ளியை 0.1 மில்லிமீட்டருக்குக் குவியுங்கள். புள்ளி விழும் இடத்தில் கண்ணாடி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடட்டும். மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி விழவிட்டால் நொடிக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேல், சிறு மோட்டாருக்கு அது எளிது. புள்ளியின் அகலத்தை வேகத்தால் வகுத்தால் ஒளியின் நினைவு நேரம் ஏறத்தாழ 0.1 மில்லிநொடி. சாதாரண ஒளி டையோடு இதைவிட மிக வேகமானது, ஆகவே சிக்கல் இல்லை.

தூரம்தான் முக்கியம். தட்டிலிருந்து அரை மீட்டரில் ஒரு மணியின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். டையோடின் முன்னால் 1 மில்லிமீட்டருக்கும் சிறிய துளை வையுங்கள். அதைப் பெரிதாக்கினால் ஒரே நேரத்தில் பல மணிகள் உள்ளே வந்து ஒன்றின் இறக்கத்தை இன்னொன்றின் ஏற்றம் நிரப்பிவிடும். இரண்டு மணி நுழைந்தால் வர்க்கச் சராசரி விகிதம் 2க்குப் பதில் 1.5, பத்து நுழைந்தால் 1.1. துளை இல்லாமல் எடுத்துவிட்டு விளைவே இல்லை என்று வந்து நிற்கும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இன்னொன்று, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு பரவலின் அடிப்பகுதியைக் கெடுத்துவிடும். லேசரை மூடிவைத்து இருட்டு மின்னழுத்தத்தைத் தனியாக அளந்து ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் செமி-லாக் கோடு தொடக்கத்தில் வளைந்துதான் வரும். பத்து நொடி பதிவு செய்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சுமார் 1 லட்சம் அளவீடுகள் கிடைக்கும். ஆனால் தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் அதே கண்ணாடியைத் திரும்பக் காட்டும், அதனால் ஒரு சுற்றில் கிடைக்கும் சுமார் 1900தான் உண்மையில் புதியது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பதிவின்போது லேசரைச் சிறிது சிறிதாக ஆரத்தின் வழியே நகர்த்துங்கள். முதலில் வர்க்கத்தின் சராசரியை எடுங்கள், பிறகு மூன்றாம் அடுக்கு. 2ஐ ஒட்டியும் 6ஐ ஒட்டியும் வரவில்லை என்றால் பதிவை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.